நூறு ஆண்டுக்குப் பின் வரும் இழப்புக்கு இன்று என்ன மதிப்பு?

கேள்வி: 9 ஜூன் 2025

பருவநிலை மாற்றத்தால் 2125ஆம் ஆண்டில் நூறு கோடி டாலர் இழப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிப்பது நியாயம்? நான் படித்த ஒரு பொருளியல் கட்டுரை ஏறக்குறைய இருபத்தைந்து கோடி வரை செலவழிக்கலாம் என்கிறது. இன்னொன்று ஒன்றேகால் கோடியைத் தாண்டினால் வீண் என்கிறது. ஒரே இழப்புக்கு இருபது மடங்கு வேறுபட்ட விடைகள் வருமானால் இதை அறிவியல் என்று எப்படி அழைப்பது? பொருளியலாளர்களை இந்த விவகாரத்திலிருந்து விலக்கிவைத்துவிட்டு, இயற்பியலாளர்கள் சொல்வதை மட்டும் கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

பதில்: 9 ஜூன், இரவு

இருபது மடங்கு வேறுபாடு ஒரே ஓர் எண்ணிலிருந்து வருகிறது. எதிர்காலப் பணத்தை இன்றைய பணமாக மாற்றும்போது ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு கழிப்பது என்பதே அந்த எண். கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்டால் அதுதான். ஆண்டுக்கு 1.4 விழுக்காடு கழித்தால், நூறு ஆண்டுக்குப் பின் வரும் நூறு கோடி இன்று 24.9 கோடி. 3 விழுக்காடு என்றால் 5.2 கோடி. 4.5 என்றால் 1.2 கோடி. 7 விழுக்காடு என்றால் பன்னிரண்டு இலட்சத்துக்கும் குறைவு. இழப்பும் அதே, ஆண்டும் அதே, இயற்பியலும் அதே.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பொதுத் திட்டங்களுக்குச் செலவு–பயன் அறிக்கை எழுதுவது நெடுங்காலமாக என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆற்றின் கழிமுகத்தில் வெள்ளத்தைத் தடுக்கக் கான்கிரீட் கரைச்சுவர் எழுப்புவதா, அழிந்துபோன சதுப்பு நிலத்தை மீட்டெடுப்பதா என்ற ஒப்பீடு என் மேசைக்கு வந்தது. சுவரின் பயன் கட்டி முடித்த மறுநாளே தொடங்கிவிடும். ஆனால் நாற்பது ஆண்டில் தேய்ந்துவிடும். சதுப்பு நிலம் முதல் பத்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒன்றும் தராது. அதன் பின்னர், பராமரித்தால், தந்துகொண்டே இருக்கும். கணக்குத் தாளில் கழிவு வீதம் 8 என்று மேலிடத்திலிருந்தே நிரப்பப்பட்டு வந்தது. மூன்றாவது தாளில், சாம்பல் நிறம் பூசிய ஒரு சிறு கட்டம். அதில் கைவைக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. எட்டில் சுவர் வென்றது. வீட்டுக்குப் போகும் முன் அந்தக் கட்டத்தில் மூன்று என்று போட்டுப் பார்த்தேன். சதுப்பு நிலம் வென்றது, அதுவும் பெரும் இடைவெளியில். முந்நூறு பக்க அறிக்கையில் மண் ஆய்வும் நீரோட்ட வரைபடங்களும் இருந்தன. முடிவைச் செய்ததோ அந்தக் கட்டம். அது அறிக்கையில் இணைப்புப் பகுதியின் அடிக்குறிப்பாக மட்டுமே இடம்பெற்றிருந்தது.

ஆகவே பொருளியலாளர்களை விலக்கிவைத்தால் இந்த எண் போய்விடாது. யாரும் எதையும் கணக்கிடாமல் விட்டாலும், இன்று எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதே ஒரு வீதத்தைச் சொல்லாமல் சொல்லிவிடும். வெளியில் தெரியாத வீதத்தைவிட எழுதிவைத்த வீதம் மேல், ஏனென்றால் அதனோடு வழக்காட முடியும்.

10 ஜூன்

சொல் பற்றி ஒரு சிறு விளக்கம். பாடநூல்களில் இதைத் தள்ளுபடி வீதம் என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் விலைக்குறைப்பு நினைவுக்கு வருவதால், நான் கழிவு வீதம் என்றே எழுதுகிறேன். பொருள் ஒன்றுதான்.

11 ஜூன்

கேள்வியில் வந்த இருபத்தைந்து கோடி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், அதன் பின்னால் ஒரு பெரிய வாதம் இருக்கிறது. 2006இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கை, ஒன்றும் செய்யாமலிருந்தால் உலகின் மொத்த உற்பத்தியில் 5 முதல் 20 விழுக்காடு வரை ஆண்டுதோறும், என்றென்றைக்கும் இழப்பதற்கு ஒப்பான நிலை வரும் என்றும், தடுப்பதற்கான செலவு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு என்றும் சொன்னது. அவர் பயன்படுத்திய கழிவு வீதம் 1.4. வில்லியம் நார்ட்ஹவுஸ் இதே துறையில் 1970களிலிருந்து உழைத்து, 2018இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய மாதிரியில் வீதம் ஐந்தரை அளவில் தொடங்கி நூற்றாண்டின் போக்கில் குறைகிறது. அதனால்தான் ஸ்டெர்ன் ஒரு டன் உமிழ்வுக்கு 85 டாலர் சேதம் என்றார், நார்ட்ஹவுஸ் அதே காலத்தில் ஏறக்குறைய 30 டாலர் என்றார். மூன்று மடங்குக்குச் சற்றே குறைவான வேறுபாடு.

அந்த வீதத்தை உடைத்துப் பார்த்தால் மூன்று உறுப்புகள் தெரியும். கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஃபிராங்க் ராம்சி 1928இல் வகுத்துத் தந்த வடிவம் இது. முதலாவது, பிந்திப் பிறக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிற்கால மனிதரின் நலத்தை எவ்வளவு குறைத்து மதிப்பது என்பது. இரண்டாவது, பிற்கால மனிதர் நம்மைவிட ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு செல்வந்தராகிக்கொண்டு போவார்கள் என்ற எதிர்பார்ப்பு. மூன்றாவது, செல்வந்தர் கையில் சேரும் ஒரு ரூபாய்க்கும் ஏழை கையில் சேரும் ஒரு ரூபாய்க்கும் எவ்வளவு வேறுபாடு காட்டுவது என்பது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி முதலாவதோடு கூட்டினால் கழிவு வீதம். ஸ்டெர்னுக்கு 0.1 கூட்டல் 1.3 பெருக்கல் 1. நார்ட்ஹவுஸுக்கு 1.5 கூட்டல், தொடக்கத்தில் ஏறக்குறைய 2 பெருக்கல் 2.

முதல் உறுப்பைப் பற்றி ராம்சியே தயக்கமின்றி எழுதியிருக்கிறார்: பிந்திய இன்பத்தை முந்தியதைவிடக் குறைத்து மதிப்பதை அறத்தின்படி நியாயப்படுத்த முடியாது என்பது அவர் நிலை. ஸ்டெர்ன் அதை ஏற்று, மனித இனமே ஏதோ பேரழிவில் இல்லாமற்போகும் வாய்ப்புக்காக மட்டும் 0.1 வைத்தார். அந்தச் சிறிய எண்ணுக்குக்கூட, நூறு ஆண்டில் நாம் அனைவரும் அழிந்துபோக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று பொருள்.

12 ஜூன்

"சந்தையில் முதலீட்டுக்கு ஐந்தாறு விழுக்காடு வருமானம் கிடைக்கும்போது 1.4 என்று அறநெறி பேசுவது எதிர்கால மனிதருக்கே தீங்கு, அந்தப் பணத்தைப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் போட்டால் அவர்களுக்கு இன்னும் கூடுதலாகச் சேரும்" என்ற மறுப்பு நேற்றே வந்துவிட்டது. இது நேர்மையான மறுப்பு. நார்ட்ஹவுஸின் தரப்பின் உயிர்நாடியும் இதுதான். நானும் பல ஆண்டுகள் இதையே நம்பி எட்டு விழுக்காட்டை நியாயப்படுத்தி வந்தேன்.

இப்போது இரண்டு இடங்களில் இது எனக்கு இடறுகிறது. முதலாவது, அப்படிச் சேர்த்துவைத்து நூறு ஆண்டு கழித்து வெள்ளத்தில் மூழ்குபவர் கையில் கொடுக்கும் ஏற்பாடு எங்கும் இல்லை. சுவரைக் கட்டியதால் மிச்சப்பட்டதாக எங்கள் கணக்கில் காட்டிய தொகை அந்த ஆண்டே வேறு செலவில் கரைந்தது. யாரும் அதை வட்டிக்கு விடவில்லை. இரண்டாவது, பிற்கால மனிதர் செல்வந்தராக இருப்பார்கள் என்பது எந்தப் பண்டத்தில்? கருவிகளிலும் மென்பொருளிலும் இருக்கலாம். தூய ஆற்றிலும் மீன்வளத்திலும் அவர்கள் நம்மைவிட ஏழைகளாகத்தான் இருப்பார்கள். ஒரு பண்டம் அரிதாகிக்கொண்டே போகும்போது அதன் ஒப்பீட்டு விலை ஏறும், அந்த ஏற்றம் கழிவை ஓரளவு ஈடுகட்டும். தாமஸ் ஸ்டெர்னரும் (மேலே சொன்ன ஸ்டெர்ன் அல்லர்) மார்ட்டின் பெர்சனும் 2008இல் காட்டியது இதைத்தான்: நார்ட்ஹவுஸின் உயர்ந்த வீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இயற்கைப் பண்டங்களின் ஒப்பீட்டு விலை ஏறுவதை மட்டும் சேர்த்துக்கொண்டாலே, ஸ்டெர்னுக்கு நிகரான கடுமையான உமிழ்வுக் குறைப்பு நியாயமாகிவிடுகிறது.

13 ஜூன், திருத்தம்

நேற்று முன்தினம் நான் எழுதிய "மூன்று மடங்கு" தவறு. ஸ்டெர்னின் 85 டாலர் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு உரியது. நார்ட்ஹவுஸின் 30 டாலர் ஒரு டன் கார்பனுக்கு உரியது. கார்பன் அணுவின் நிறை 12, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் நிறை 44. ஆகவே ஒரு டன் கார்பன் எரிந்தால் ஏறக்குறைய 3.67 டன் வாயுவாகிறது. ஒரே அலகில் வைத்தால் 85க்கு எதிரே 8 டாலர். வேறுபாடு பத்து மடங்கு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் எந்த டன் என்று முதலில் பார்த்துவிடுங்கள். இந்த இடத்தில் வழுக்கியவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன்.

15 ஜூன்

வீதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அதைவிடப் பெரிய ஒன்றை விட்டுவிட்டேன். கழிப்பதற்கு முன் கழிப்பதற்கான தொகை அங்கே இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கழிமுக அறிக்கையில் சதுப்பு நிலத்தின் பயன்கள் ஒன்பது வரிகளில் இருந்தன. வெள்ளத் தடுப்பு, படகுத்துறைக்கு மண் சேராமை போன்ற நான்கு வரிகளில் தொகை இருந்தது. மீன்குஞ்சுகள் வளரும் இடம், நிலத்தடி நீரில் உப்பு ஏறாமல் காப்பது, சேற்றில் சேரும் கார்பன் உள்ளிட்ட ஐந்து வரிகளில், தொகை தெரியாததால், நேர்மையாக இருக்க வேண்டும் என்று எண்ணி "மதிப்பிடப்படவில்லை" என்று நானே தட்டச்சு செய்தேன். கீழே கூட்டுத்தொகை வந்தது. கணக்குத் தாளின் கூட்டல் சூத்திரம் எழுத்துகளைக் கண்டால் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். நான் எழுதிய "மதிப்பிடப்படவில்லை" என்பதைக் கணிப்பொறி சுழி என்று படித்தது. அறிக்கையின் முதல் பக்கத்துக்குப் போனது அந்தக் கூட்டுத்தொகை மட்டுமே. அந்த ஐந்து வரிகளை முதல் பக்கத்தில் சொல்லாமல் விட்டது என் தவறு, அதை இன்றும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இயற்கைக்கு விலை வைப்பதே பாவம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விலை வைக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் என்ன நிற்கும்?

விலை தெரிந்ததால் பிழைத்த இடமும் உண்டு. நியூயார்க் நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் கேட்ஸ்கில் மலைப் பகுதியின் ஓடைகளிலிருந்து வருகிறது. 1990களில் நீரின் தரம் குறையத் தொடங்கி, வடிகட்டும் நிலையம் கட்ட வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தபோது, அதற்கு 600 கோடி டாலருக்கும் மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். மாறாக, நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிலம் வாங்குவது, பண்ணைகளின் கழிவு ஓடையில் கலக்காமல் தடுக்க உழவர்களுக்கு உதவுவது, சிற்றூர்களின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சீர்செய்வது ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 150 கோடி டாலர் போதும் என்று தெரிந்தது. 1997இல் உடன்பாடு கையெழுத்தானது. அந்த நீர் இன்றும் வடிகட்டும் நிலையம் இல்லாமலே வருகிறது.

விலை தெரியாமல் போனதற்கு எடுத்துக்காட்டு இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள். கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து இறந்த மாடுகளின் உடலில் தங்கி, அவற்றைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. 1990களின் நடுவிலிருந்து சில ஆண்டுகளில் முக்கிய இனங்களில் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. கழுகுகள் சுத்தம் செய்யாத பிணங்கள் நீரில் கலந்தன, தெருநாய்கள் பெருகின. இயல் ஃபிராங்க், ஆனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2000 முதல் 2005 வரை இதனால் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்றும், இழப்பு ஆண்டுக்கு 6,900 கோடி டாலருக்கு மேல் என்றும் மதிப்பிட்டார்கள். மருந்தைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியபோது, எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கழுகு என்று ஒரு வரி இருக்கவில்லை.

16 ஜூன்

நேற்று எழுதியதை இன்று மறுபடி படித்தபோது, ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டேன் என்று தோன்றியது. விலை வைப்பதற்கும் எல்லை உண்டு.

1997இல் ராபர்ட் கோஸ்டான்ஸாவும் அவருடைய குழுவினரும், உலகின் இயற்கை நமக்கு ஆண்டுதோறும் செய்யும் சேவையின் மதிப்பு சராசரியாக 33 இலட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அப்போது உலகத்தின் மொத்த உற்பத்தி ஏறக்குறைய 18 இலட்சம் கோடி என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த எண் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆனால் பொருளியலாளர் மைக்கேல் டோமன் அதைப் பற்றி, முடிவிலியை மிகக் குறைத்து மதிப்பிட்ட கணக்கு என்ற பொருளில் எழுதினார். அவர் சொன்னது சரி. ஒரு சதுப்பு நிலத்தில் ஒரு ஏக்கரைச் சேர்த்தாலோ இழந்தாலோ என்ன ஆகும் என்பதற்கு விலை சொல்லலாம். காற்று மண்டலம் முழுவதையும் இழந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை, விலைக்குப் பொருளும் இல்லை.

எனவே என் நேற்றைய கேள்வியைக் குறுக்கிக்கொள்கிறேன்: சிறு மாற்றங்களுக்கு விலை வேண்டும், மீளமுடியாத எல்லைகளுக்கு அளவு வேண்டும். சல்ஃபர் டை ஆக்சைடு உமிழ்வுக்கு அமெரிக்கா 1990இல் சட்டம் இயற்றியபோது இரண்டையும் சேர்த்தே செய்தது: மொத்த அளவுக்கு உச்சவரம்பு கட்டிவிட்டு, அதற்குள் உரிமங்களை வாங்கவும் விற்கவும் விட்டது.

19 ஜூன்

கார்பன் வரி ஒன்றே போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாசுபடுத்துபவர் பிறர்மீது சுமத்தும் செலவை வரியாக அவரிடமே வாங்கு என்று பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920இல் சொன்னது இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். ஸ்வீடன் 1991இலேயே தொடங்கி, வரியைப் படிப்படியாக ஏற்றி, டன்னுக்கு நூறு யூரோவைத் தாண்டிச் சென்றது. அதற்கிடையே அதன் உமிழ்வு குறைந்தது, பொருளாதாரமும் வளர்ந்தது. கொள்கையளவில் எனக்கு இதில் மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கிருந்த உறுதி இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் உமிழ்வு உரிமச் சந்தையைத் தொடங்கியபோது, நிறுவனங்களுக்குத் தேவைக்கு மேல் உரிமங்களை வாரிக் கொடுத்ததால், 2007இல் விலை ஏறக்குறைய சுழிக்கே இறங்கியது. அதே சந்தையில் 2023 பிப்ரவரியில் விலை முதன்முறையாக நூறு யூரோவைத் தொட்டது. பெயர் ஒன்றுதான், நடுவில் மாறியது உச்சவரம்பின் இறுக்கம். ஆஸ்திரேலியா 2012இல் விலை விதித்து 2014இல் நீக்கியது. பிரான்சில் 2018இல் எரிபொருள் வரியை ஏற்றவிருந்தபோது மஞ்சள் அங்கி அணிந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கனடா வரிப்பணத்தின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. அப்படியிருந்தும் நுகர்வோர் செலுத்திய கட்டணம் 2025 ஏப்ரலில் முடிவுக்கு வந்துவிட்டது. வரி எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது; திரும்பி வந்த பணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் ஓசையில்லாமல் விழுந்தது. மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இதற்குப் பொருளன்று. நட்டம் எங்கே தெரிகிறது, வரவு எங்கே தெரிகிறது என்பதைத் திட்டமிட்டவர்கள் யோசிக்கவில்லை என்றுதான் பொருள்.

மறுபக்கம், வரி இல்லாமலே நடந்த ஒன்றும் உண்டு. ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் சூரிய மின்சாரத்துக்கு நீண்டகால உறுதி விலை தந்தபோது, ஒரு டன் உமிழ்வைக் குறைக்க இவ்வளவு செலவா என்று என்னைப் போன்றவர்கள் கண்டித்தோம். அன்றைய கணக்கில் அது உண்மையிலேயே வீண்செலவாகத் தெரிந்தது. ஆனால் அந்தத் தேவை உற்பத்தியைப் பெருக்கியது, உற்பத்தி செலவைக் குறைத்தது. சீனத்தின் ஆலைகள் அதை இன்னும் வேகப்படுத்தின. 2010க்கும் 2020க்கும் இடையே பெரிய சூரிய நிலையங்களின் மின்சாரச் செலவு ஏறக்குறைய 85 விழுக்காடு குறைந்தது. எங்கள் கணக்கில் தொழில்நுட்பத்தின் விலை நிலையானது என்று வைத்திருந்தோம். செய்யச் செய்ய மலிவாகும் பொருளுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அதைக் கண்டித்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

20 ஜூன்

மலிவானால் கூடுதலாகப் பயன்படுத்துவார்களே என்ற கேள்விக்கு: ஆம், 1865இல் நிலக்கரியைப் பற்றி பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுப்பிய கவலை அதுதான். எந்திரம் திறமையானபோது கரியின் பயன்பாடு கூடியது. மலிவாவது தூய ஆற்றலாக இருக்கும்வரை எனக்கு அந்தக் கவலை குறைவு. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மேல் விலையோ உச்சவரம்போ இல்லையென்றால், தூய ஆற்றல் அவற்றுக்கு மாற்றாக வராமல் அவற்றோடு கூடுதலாகச் சேர்ந்துவிடும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

23 ஜூன்

எந்த வீதம் சரி என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது என்ன செய்வது என்று கேள்வி கேட்டவரே திரும்பி வந்து கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இதற்குப் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1998இல் ஒரு விடை கண்டார். காகிதமும் பென்சிலும் போதும்.

சரியான வீதம் 1 விழுக்காடாகவும் இருக்கலாம், 7 விழுக்காடாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று கொள்வோம். சராசரி நான்கு என்று எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் நூறு ஆண்டுக்குப் பின் வரும் நூறு கோடி இன்று ஏறக்குறைய 2 கோடி. ஆனால் சராசரி எடுக்க வேண்டியது வீதத்துக்கு அன்று, விளைவுக்கு. 1 விழுக்காட்டில் அந்த நூறு கோடி இன்று 37 கோடி. 7 விழுக்காட்டில் 12 இலட்சம். இரண்டின் சராசரி 18.5 கோடி. அதைத் தரும் ஒற்றை வீதம் எது என்று தேடினால் 1.7 விழுக்காடு வருகிறது. காலம் இன்னும் நீண்டால் அது ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும். ஏனென்றால், உயர்ந்த வீதம் எதிர்காலத்தைக் கரைத்துவிடுகிறது. கரைந்தபின் கணக்கில் எஞ்சி நிற்பது தாழ்ந்த வீதம் மட்டும்தான். வீதம் பற்றிய நம் அறியாமை தொலைதூர எதிர்காலத்தைக் குறைத்து மதிப்பதற்கான காரணமாகாமல், கூட்டி மதிப்பதற்கான காரணமாகிறது.

இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது பிழையென்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். பிரிட்டனின் கருவூலம் தன் திட்ட மதிப்பீட்டு விதிகளில் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது: முதல் முப்பது ஆண்டுகளுக்கு 3.5 விழுக்காடு, அதன் பின் 3, பிறகு படிப்படியாகக் குறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் 1.

அமெரிக்காவில் இதே கட்டம் ஆட்சி மாறும்போதெல்லாம் மாறியது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடின் சேதம் 3 விழுக்காட்டு வீதத்தில் ஏறக்குறைய 50 டாலர் என்று இருந்தது. டிரம்பின் முதல் ஆட்சியில், நாட்டுக்குள் நிகழும் சேதத்தை மட்டும் கணக்கில் எடுத்து, 7 விழுக்காட்டையும் பயன்படுத்தியபோது, அது ஒன்று முதல் ஏழு டாலர் என்றானது. 2023இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2 விழுக்காட்டில், சேதம் பற்றிய புதிய ஆய்வுகளையும் சேர்த்து, 190 டாலர் என்றது.

26 ஜூன்

"வட்டியைவிட மெதுவாக வளரும் எதையும் விற்றுவிடுவதுதான் இலாபம் என்றாகுமே" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் காலின் கிளார்க் நினைவுக்கு வந்தார். கணிதவியலாளரான அவர் 1973இல் திமிங்கில வேட்டையைக் கணக்கிட்டார். திமிங்கிலக் கூட்டம் ஆண்டுக்குச் சில விழுக்காடுதான் பெருகும். வேட்டைக்காரர் எதிர்பார்க்கும் வருமானம் அதைவிடக் கூடுதலானால், கடைசித் திமிங்கிலம் வரை பிடித்து விற்றுப் பணத்தை வேறு தொழிலில் போடுவதே இலாபம் என்று விடை வந்தது. திமிங்கிலம் முழுவதும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமாக இருந்தாலும் இதே விடைதான். பொதுச்சொத்து என்பதால்தான் அழிகிறது, தனியுடைமையாக்கினால் பிழைக்கும் என்ற வாதத்துக்கு இது பலத்த அடி.

அந்த விற்றுமுதல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பசிபிக் பெருங்கடலில் நவுரு என்ற 21 சதுர கிலோமீட்டர் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே பாஸ்பேட் வெட்டி எடுத்து, வேறு நாடுகளின் வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். 1968இல் விடுதலை பெற்றபின் அந்தத் தொழில் நவுருவின் கைக்கு வந்தது. 1970களில் தலைக்கு வருமானம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பாஸ்பேட் தீர்ந்தபின் வாழ்வதற்காகச் சேர்த்த அறக்கட்டளை நிதி மோசமான முதலீடுகளில் கரைந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு, மண் சுரண்டப்பட்டு, கூர்மையான சுண்ணாம்புப் பாறைத் தூண்களாக எஞ்சியது. அதில் பயிரிடவும் முடியாது, குடியிருக்கவும் முடியாது. அந்தக் காலமெல்லாம் நவுருவின் வருமானக் கணக்கு வளர்ச்சியையே காட்டியது. விதைநெல்லைக் குற்றிச் சமைத்த ஆண்டில் பானை நிறைந்துதான் இருக்கும்.

வருமானத்தைப் பார்க்காதே, சொத்தைப் பார் என்று பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இதற்காகத்தான். பிரிட்டிஷ் கருவூலம் கேட்டு அவர் 2021இல் கொடுத்த அறிக்கையின்படி, 1992க்கும் 2014க்கும் இடையில் உலகில் தலைக்கு உற்பத்தி மூலதனம் (கருவிகள், கட்டடங்கள், சாலைகள்) இரட்டிப்பானது, மனித மூலதனம் (கல்வி, உடல்நலம்) ஏறக்குறைய 13 விழுக்காடு கூடியது, இயற்கை மூலதனம் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. நான் 12ஆம் தேதி எழுதிய "எந்தப் பண்டத்தில் செல்வந்தர்" என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்களே விடை. அன்றே இவற்றைச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி தன் கடையின் இருப்பை விற்ற பணத்தையெல்லாம் இலாபம் என்று எழுதினால், தணிக்கையாளர் கையெழுத்திடமாட்டார். நாடுகளின் கணக்கில் அப்படித்தான் எழுதி வருகிறோம். சூழல்தொகுதிகளைக் கணக்கில் ஏற்றும் முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நிதியமைச்சர்கள் மேடையில் சொல்லும் எண் இன்னமும் பழைய வருமான எண்தான்.

2 ஜூலை

அந்தக் கழிமுகத்தில் கடைசியில் என்ன ஆனது என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். சுவர் கட்டினார்கள். அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. மூன்று என்று போட்டுப் பார்த்த மறுநாள் காலை மேலதிகாரியிடம் காட்டினேன். அந்த எண் நம் கையில் இல்லை என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் அது மேலிருந்து வந்ததுதான். சுவர் இப்போதும் உறுதியாக நிற்கிறது, வெள்ளத்தையும் தடுக்கிறது. சதுப்பு நிலத்துக்கென ஒதுக்கியிருந்த இடத்தில் மண் நிரப்பியாகிவிட்டது. ஆகவே நான் மூன்று விழுக்காட்டில் கண்ட அந்தப் பெரும் இடைவெளியை இனி யாராலும் சரிபார்க்க முடியாது.

அதற்குப் பின் நான் எழுதும் அறிக்கைகளில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரே விடையைத் தராமல், 2, 4, 8 என்று மூன்று வீதங்களில் மூன்று விடைகளைத் தருகிறேன். எந்த வீதத்தில் முடிவு தலைகீழாகிறது என்பதை அதற்குக் கீழே தனி வரியாக எழுதுகிறேன். கழிமுகக் கணக்கை அப்படி மறுபடி போட்டுப் பார்த்தேன், 5.6இல் திரும்பியது. இரண்டாவது, "மதிப்பிடப்படவில்லை" என்ற வரிகளைக் கூட்டுத்தொகைக்கு மேலே விடாமல், கீழே, கூட்டுத்தொகைக்குப் பக்கத்திலேயே, அவற்றின் சொந்த அலகில் வைக்கிறேன்: இத்தனை ஏக்கர், இத்தனை டன், இத்தனை கிணறுகள். இரண்டு முறை அந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை கூட்டத்தில் ஒருவர் அந்தக் கிணறுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். வரைபடத்தை விரித்து அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.